புண் இல்லாத வார்டு

தாமிரபரணித் தண்ணீர் பாய்கிற ஊர்களில் எத்தனையோ அரசாங்க ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரைச் சொன்னால் அதற்கும் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வரும். வாசலில் இரண்டு இளநீர் வண்டி, ஒரு ஜெராக்ஸ் கடை, உள்ளே முப்பத்து நாலு கட்டில் போட்ட ஆண்கள் வார்டு. அந்த வார்டுக்கு ஒரு ஷிப்டுக்கு ஒரு நர்ஸ். பகல் ஷிப்டில் அந்த ஒருத்தி பொன்செல்வி.

பொன்செல்வி பெரிய படிப்புப் படித்தவள் இல்லை. அதிகாரிகள் வந்தால் நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு மருந்து அலமாரிப் பக்கம் போய் நின்றுகொள்வாள். ஆனால் அவளிடம் ஒரு விஷயம் இருந்தது. மூன்று வருஷமாக அவள் வார்டில் யாருக்கும் படுக்கைப்புண் வந்ததில்லை.

எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். இல்லாவிட்டால் உடம்பின் பாரம் ஒரே இடத்தில் அழுத்தி, தோல் செத்து, புண் எலும்பு வரைக்கும் போகும். நர்சிங் படிப்பில் இது முதல் வருஷப் பாடம். அந்தப் பாடத்தை எழுதின மகராசர் முப்பத்து நாலு கட்டிலுக்கு ஒரு நர்ஸ் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார். அதனால் பொன்செல்வி தன் வழியில் ஒரு ஏற்பாடு செய்துகொண்டாள்.

ஆற்றுக்கு அக்கரை ஊர்களுக்குப் போய்வருகிற மினி பஸ் ஒன்று உண்டு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நடை. ஆஸ்பத்திரி முக்கில் திரும்பித்தான் போக வேண்டும். டிரைவர் ஹெப்ரானிடம் அவள் ஒருநாள் போய்ச் சொன்னாள். அன்றிலிருந்து அவன் அந்த முக்கில் ஒரு நீளம், இரண்டு குட்டை என்று ஹாரன் அடித்தான். ஹாரன் கேட்டதும் வார்டில் கட்டிலுக்குக் கட்டில் மனைவி, மகள், தம்பி என்று துணைக்கு இருக்கிறவர்கள் எழுந்து விரிப்பின் ஓரத்தைப் பிடிப்பார்கள். இடப்பக்கம், மல்லாக்க, வலப்பக்கம். முதுகுக்கு ஒரு தலையணை, முழங்காலுக்கு நடுவில் மடித்த துண்டு. எல்லாம் அவள் சொல்லிக்கொடுத்தது. இரண்டே நிமிஷத்தில் வார்டு முழுக்க முகம் மாறிப் படுத்திருக்கும். பஸ் ஓடாத நேரத்துக்கு வாட்ச்மேன் விசில்.

ஏழாம் நம்பர் கட்டிலில் சொரிமுத்து இருந்தார். தென்னை ஏறுகிறவர். மரத்திலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. திருநெல்வேலியில் ஆபரேஷன் செய்து, இனிமேல் பராமரிப்புதான் என்று இங்கே அனுப்பியிருந்தார்கள். முதுகும் பிட்டமும் கெடாமல் இருந்தால் மூன்று மாதத்தில் சக்கர நாற்காலியில் உட்கார வைக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாற்காலிக்கு மனு எழுதிப் போட்டாயிற்று. பஸ் ஸ்டாப்பில் பெட்டிக்கடை போடுவதாக சொரிமுத்து இடம்கூடப் பார்த்துவிட்டார். மனைவி இசக்கி கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் தேய்க்கிற வேலையை விட்டுவிட்டு வந்து கட்டிலடியில் பாய் போட்டிருந்தாள்.

ஹாரன் கேட்டால் முதல் குரல் சொரிமுத்துவுடையதுதான். "ஹெப்ரான் வந்துட்டான். எந்திரிட்டி இசக்கி, இந்தப் பக்கம் வெந்துட்டு, திருப்பிப் போடு."

இப்படிப் போய்க்கொண்டிருந்த வார்டுக்குத்தான் தேசியச் சான்றுவழிச் செவிலிய இயக்கம் வந்து சேர்ந்தது.

முதலில் திருநெல்வேலியில் இரண்டு நாள் பயிற்சி. ஏசி அரங்கம். ஆளுக்கு ஒரு பை, பைக்குள் ஒரு பேனா, பேனாவில் இயக்கத்தின் சின்னம். நாட்டில் உள்ள செவிலியர்கள் எல்லாரும் இனிமேல் பழக்கத்தின் பேரில் எதையும் செய்யாமல், சான்றின் பேரில் மட்டுமே செய்ய வேண்டும் என்பது இயக்கத்தின் நோக்கம். நல்ல நோக்கம்தான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எல்லாரும் எழுந்து வலது கையை நீட்டி உறுதிமொழி எடுத்தார்கள். 'நான் கண்ணால் கண்டேன் என்பதற்காக எதையும் நம்ப மாட்டேன்' என்பது அதில் மூன்றாவது வரி. பொன்செல்வியும் சொன்னாள்.

டெல்லியிலிருந்து வந்திருந்த இயக்குநர் சித்ரலேகா சிறப்புரை ஆற்றினார். அவருக்குச் சொந்த ஊர் இந்தப் பக்கம்தான் என்றார்கள். பேச்சில் அது தெரியவில்லை.

"செவிலியச் சகோதரிகளே, ஒரு காலத்தில் நாம் நோயாளியைப் பார்த்தோம். முகத்தைப் பார்த்தோம், தொட்டுப் பார்த்தோம், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டோம். அது ஒரு இருண்ட காலம். முகம் ஆளுக்கு ஆள் மாறும், அதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. இனி நாம் படிவத்தைப் பார்ப்போம். படிவம் எல்லா மாநிலத்திலும் ஒன்றே. இந்த இயக்கத்துக்கு ஐந்து வருஷம் ஒதுக்கியிருக்கிறார்கள். முதல் நான்கு வருஷம் விழிப்புணர்வு ஏற்படுத்துவோம். ஐந்தாம் வருஷம், விழிப்புணர்வு ஏற்பட்டதா என்று மதிப்பிடுவோம்."

கேள்வி நேரத்தில் பொன்செல்வி கூச்சத்தோடு எழுந்தாள். "மேடம், இதுல நோயாளி எப்பம் வருவாரு?"

"மிக நல்ல கேள்வி" என்றார் சித்ரலேகா. "அடுத்த திட்டக் காலத்தில் நோயாளியையும் சேர்க்க முயற்சி செய்வோம்."

பொன்செல்வி ஊர் திரும்புவதற்குள் வார்டில் சான்று மூலை திறந்திருந்தார்கள். ஜன்னலோரம், நல்ல வெளிச்சத்தில், புண் கட்டுகிற சாமான்கள் வைத்திருந்த மேசை இருந்த இடம் அது. மேசையைக் கக்கூஸ் பக்கத்து வராந்தாவுக்குத் தள்ளிவிட்டு அங்கே ஒரு கம்ப்யூட்டர் வைத்தார்கள். மேலே ஒரு ஃபிளெக்ஸ். அதில் வெள்ளைக்கார நர்ஸ் ஒருத்தி கம்ப்யூட்டரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கம்ப்யூட்டரில் உலகத்துச் சான்றெல்லாம் இருந்தது. திறப்பதற்கு ஓடிபி வேண்டும். அந்த ஓடிபி கைலாசம் என்பவருடைய போனுக்குப் போகும். திட்டம் தொடங்கினபோது அவர் மாவட்ட அலுவலகத்தில் இருந்தார். பிறகு ஓய்வு பெற்றுவிட்டார். நம்பரை மாற்றச் சொல்லி எழுதிப் போட்டிருந்தார்கள். நம்பரை மாற்றுவதற்கும் ஒரு ஓடிபி தேவைப்பட்டது. கைலாசம் தங்கமான மனுஷர். எப்போது கூப்பிட்டாலும் எண்ணைச் சொல்லிவிட்டு, "சாப்பிட்டாச்சாம்மா?" என்று கேட்பார். செவ்வாய்க்கிழமை மட்டும் திருச்செந்தூர் போய்விடுவார், அன்றைக்குப் போனை வீட்டில் வைத்துவிடுவார். ஆக, செவ்வாய்க்கிழமைகளில் மாவட்டத்தின் தென்பகுதியில் சான்று கிடையாது.

இயக்கத்தின் மண்டல ஒருங்கிணைப்பாளர் கணேஷ்ராம் ஒரு புதன்கிழமை வந்தார். முப்பது வயசு, மடிப்புக் கலையாத சட்டை, கையில் டேப்லெட். மரியாதையான பிள்ளை. நர்சிங் சூப்பிரண்டு பெர்லின் அவரைக் கூட்டிக்கொண்டு வார்டுக்குள் வந்தாள். பெர்லினுக்கு ரிட்டையர்மென்டுக்கு எட்டு மாதம் இருந்தது. அந்த எட்டு மாதமும் தன்னைப் பற்றி யாரும் எதுவும் எழுதாமல் போக வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஜெபம்.

"உங்க வார்டுல படுக்கைப்புண் எத்தனை, சிஸ்டர்?"

"ஒண்ணும் இல்ல சார்."

"போன மாசம்?"

"அப்பமும் இல்ல சார். மூணு வருஷமா இல்ல."

கணேஷ்ராமின் முகம், பந்தியில் இலை கிடைக்காதவர் முகம்போல ஆகிவிட்டது. டேப்லெட்டில் எதையோ மேலும் கீழும் தள்ளினார்.

"சிஸ்டர், இப்ப பூஜ்யம். ஆறு மாசம் கழிச்சும் பூஜ்யம். அப்ப நம்ம இயக்கத்தால என்ன முன்னேற்றம்னு காட்டுறது? கோடு கீழ இறங்கணும். இறங்குறதுக்கு இடமே இல்லையே. வேறொரு மாவட்டத்துல ஒரு ஆஸ்பத்திரி இருக்கு, பத்தொம்பது புண்ணு. என்ன அருமையான ஆரம்பம் தெரியுமா?"

பொன்செல்விக்கு ஏதோ தப்புச் செய்துவிட்டதுபோல் இருந்தது. ஹெப்ரானையும் ஹாரனையும் பற்றிச் சொன்னாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே முக்கில் ஒரு நீளம், இரண்டு குட்டை கேட்டது. சொரிமுத்து குரல் கொடுத்தார். வார்டு எழுந்து, புரட்டி, உட்கார்ந்தது. கணேஷ்ராம் வாயைத் திறந்தபடி பார்த்தார்.

"பிரமாதம். இதை நாடு முழுக்கக் கொண்டு போகலாம். ஆனா சான்று இல்லையே."

"புண்ணு இல்லையே சார். அது போதாதா?"

"எப்படிப் போதும்? நீங்க புரட்டுறதால புண் வரலியா, இல்ல ஆத்துக்காத்தால வரலியான்னு யாருக்குத் தெரியும்?"

"புஸ்தகத்துலயே இருக்கு சார். மொத வருஷம் படிச்சது."

"அது வெளியூர்ச் சான்று. உள்ளூர்ச் சான்று வேணும். நான் என்ன சொல்லுதேன்னா..." அவசரப்பட்டால் அவருக்கு ஊர்ப்பேச்சு வந்துவிடும். "இருபத்தோரு நாள் புரட்டுறதை நிறுத்துங்க. அது அடிப்படைக் காலம். எத்தனை புண் வருதுன்னு எண்ணுவோம். அப்புறம் முறைப்படி புரட்ட ஆரம்பிப்போம். புண் குறையும். கோடு இறங்கும். உங்க பேரும் வரும்."

"நிறுத்துனா புண்ணு வரும்லா சார்."

"வந்தாத்தானே சிஸ்டர், வராம இருந்ததுக்கு நீங்க காரணம்னு காட்ட முடியும்?"

பொன்செல்விக்குத் தப்பு எங்கே என்று தெரிகிறது, கையை வைத்துக் காட்டத் தெரியவில்லை. பெர்லினைப் பார்த்தாள். பெர்லின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் பெர்லின் அவளைத் தனியே கூப்பிட்டாள். "மூணு வாரம்தானட்டி. கண்ண மூடிட்டு இரு. கையெழுத்துப் போடலன்னா ஒத்துழைக்கலன்னு எழுதிருவாவ. ஒன்னயத் தூக்கித் தர்மபுரியில போடுவாவ. ஓம் மக பத்தாவது படிக்கா."

பொன்செல்வி கையெழுத்துப் போட்டாள். பயம்தான். வேறு காரணம் தேடுவதில் பிரயோஜனமில்லை.

அடிப்படைக் காலம் தொடங்கின அன்றைக்குக் காலையில் வார்டுக்குள் ஆறு நர்ஸ்கள் வந்தார்கள். பட்டம் படித்தவர்கள், வேலையில் கை சுத்தமானவர்கள். பொன்செல்விக்குக் கண் கலங்கிவிட்டது. பதினோரு வருஷமாக ஒரே ஒரு ஆள் கூடுதலாகக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தவள் அவள். ஆறு பேர் இருந்தால் வார்டைச் சொர்க்கமாக்கிவிடலாம்.

"வாங்கம்மா, மூணாம் கட்டில்லருந்து ஆரம்பிப்போமா?"

"நாங்க தொடக் கூடாதுக்கா" என்றாள் அவர்களில் ஒருத்தி, கனி என்று பெயர், காயல்பட்டினத்துப் பெண். "நாங்க பார்வையாளர். தொட்டா தரவு கெட்டுப் போவும்."

ஆறு பேரும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். பொன்செல்வி ஒருத்தியாக ஓடி ஓடி ஊசி போடுவதையும், சலைன் மாற்றுவதையும், வாந்தியைத் துடைப்பதையும் ஆறு பேரும் நேரம் போட்டு எழுதினார்கள். ஒரு தாத்தா கட்டிலிலிருந்து சரிந்தபோது ஆறு பேனாவும் ஒரே சமயத்தில் ஓடின.

பத்து மணிக்கு ஹாரன் கேட்டது. மற்ற கட்டில்களில் சொன்னபடி சும்மா இருந்தார்கள். இசக்கி எழுந்து விரிப்பைப் பிடித்தாள். கனி எழுதினாள்: நெறிமுறை மீறல், ஒன்று. பன்னிரண்டு மணிக்கு இரண்டு. சாயங்காலத்துக்குள் ஐந்து மீறல் சேர்ந்துவிட்டது.

மறுநாளே கணேஷ்ராம் பஸ் முதலாளிக்கும் ஊராட்சிக்கும் கடிதம் எழுதினார். அந்த முக்கில் ஒரு வேகத்தடை போடச் சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து ஏழு வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பதிலும் வந்ததில்லை. இந்தக் கடிதத்துக்கு ஒரே நாளில் பதில் வந்தது. 'அமைதிப் பகுதி, ஹாரன் ஒலிக்காதீர்' என்று போர்டு நட்டார்கள். வாட்ச்மேன் விசிலுக்கும் தடை. ஹெப்ரான் முக்கில் திரும்பும்போது ஹாரனுக்குப் பதிலாக ஜன்னல் வழியே கையை நீட்டி ஆட்டினான். கட்டிலில் கிடக்கிறவர்களுக்கு அது எங்கே தெரியும்.

இசக்கி அதற்கும் அசரவில்லை. இளநீர்க்காரரிடம் மணி கேட்டுக்கொண்டு வந்து புரட்டினாள். ஆகவே, தரவின் தூய்மையைக் காக்க, துணைக்கு இருப்பவர்கள் சாயங்காலம் நாலிலிருந்து ஆறு வரைதான் வார்டுக்குள் வரலாம், வந்தாலும் தொடக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். இசக்கி பாயைச் சுருட்டிக்கொண்டு கேட்டுக்கு வெளியே வேப்ப மரத்தடிக்குப் போனாள்.

போகும்போது பொன்செல்வியிடம், "சிஸ்டர், நீங்க இருக்கியள்லா, ஒங்கள நம்பித்தான் போறேன்" என்றாள்.

பொன்செல்வி நம்பிக்கையைக் காப்பாற்றத்தான் பார்த்தாள். ஐந்தாம் நாள் மருந்து கொடுக்கிற சாக்கில் சொரிமுத்துவின் முதுகுக்கு அடியில் கையைக் கொடுத்துப் பைய ஒரு பக்கமாகச் சாய்த்தாள். மறுநாள் அவளுக்கு ஒரு மெமோ வந்தது. 'அனுமதியின்றியும் சான்றின்றியும் நோயாளியின் நலனில் தலையிட்டது குறித்து ஏழு நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும்.' மகளின் பத்தாம் வகுப்பு அரைப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. பொன்செல்வி அதன்பிறகு தொடவில்லை.

"என்ன சிஸ்டர், ஹெப்ரானுக்கு ஒடம்பு சரியில்லையா? சத்தத்தையே காணோம்" என்று கேட்டார் சொரிமுத்து. அவருக்கு முதுகில் என்ன நடக்கிறதென்று தெரியாது. கூரை ஒன்றுதான் தெரியும். கூரையில் பல்லிகளுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தார்.

மற்றக் கட்டில்களில் கிடந்தவர்கள் தாமாகக் கொஞ்சமாவது அசைந்து படுத்தார்கள், சொரிமுத்துவால் அதுவும் முடியாது. ஒன்பதாம் நாள் விரிப்பு மாற்றும்போது அவருடைய இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்திருந்தது. பொன்செல்வி விரலால் அழுத்தினாள். சிவப்பு மறையவில்லை. உள்ளே தோல் சாகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கணேஷ்ராமுக்குப் போன் போட்டாள். இனி நிறுத்திவிடுவார்கள் என்று நினைத்துத்தான் போட்டாள்.

கணேஷ்ராம் ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிட்டார், கூட ஒரு போட்டோகிராபர். புண்ணுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுத்தார்கள். பெர்லின் காபி வரவழைத்தாள். மண்டலத்திலேயே முறைப்படி பதிவான முதல் அடிப்படைத் தரவு அதுதானாம். பார்வையாளர்களுக்கு ஆளுக்கொரு லட்டு கொடுத்தார்கள். சொரிமுத்துவும் வாங்கிச் சாப்பிட்டார், யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டுக்கொண்டே.

"சார், புண்ணு வந்துட்டுல்லா. இனி புரட்டலாமா?"

"இன்னும் பன்னெண்டு நாள் இருக்கே, சிஸ்டர். நடுவுல நிறுத்தினா இதுவரைக்கும் வந்த புண்ணும் வீண்."

பதின்மூன்றாம் நாள் தோல் கிழிந்தது. பதினாறாம் நாள் குழி விழுந்தது. கனி இப்போதெல்லாம் ஏழாம் கட்டிலின் பக்கம் பார்க்காமலே எழுதினாள். டேப்லெட்டில் தினமும் நோயாளி திருப்திப் படிவம் நிரப்ப வேண்டும். வலி எவ்வளவு, பூஜ்யத்திலிருந்து பத்து வரை. உணர்ச்சி இல்லாத இடத்தில் வலி ஏது? சொரிமுத்து பூஜ்யம் என்றார். மண்டலத்திலேயே மிகவும் திருப்தியான நோயாளி என்று ஒரு பச்சை விளக்கு எரிந்தது.

பதினாறாம் நாள் சாயங்காலம் நாலு மணிக்கு இசக்கி உள்ளே வந்தாள். வாடை அவளுக்குத் தெரிந்துவிட்டது. விரிப்பைத் தூக்கிப் பார்த்தாள். பொன்செல்வியிடம் வந்து, "இதுக்குப் பேரு என்ன சிஸ்டர்?" என்று மட்டும் கேட்டாள்.

"அடிப்படைக் காலம்க்கா."

"எப்பம் முடியும்?"

"இன்னும் அஞ்சு நாளு."

இருபத்தோரு நாள் முடிந்து மறுநாள் பொழுது விடிந்ததும் பொன்செல்வி விரிப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கணேஷ்ராம் போனில் தடுத்தார். இதுவரை எல்லாம் சரி. இனிமேல் புரட்டுவது என்பது மனிதர்கள்மீது நடத்தும் ஆய்வு. அதற்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும்.

"இவ்வளவு நாளும் புரட்டாம போட்டிருந்தமே, சார். அதுக்கு யாரு ஒப்புதல் குடுத்தா?"

"சிஸ்டர், கோவப்படாதிய. ஒண்ணும் செய்யாம இருக்கிறதுக்கு ஒப்புதல் தேவையில்ல. ஏதாவது செய்யத்தான் ஒப்புதல் வேணும். இது உலகம் பூரா இருக்கிற வழக்கம்."

நெறிமுறைக் குழு மாதத்தின் இரண்டாவது வியாழக்கிழமை கூடும். அந்த வியாழக்கிழமை ஏழு பேரில் மூன்று பேர்தான் வந்திருந்தார்கள். தேநீர் குடித்துவிட்டு ஒத்திவைத்தார்கள். அதற்குள் சொரிமுத்துவுக்குக் காய்ச்சல் ஏறிவிட்டது. புண்ணுக்குள் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. டாக்டர் திருநெல்வேலிக்கு எழுதிக் கொடுத்தார். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது, "சிஸ்டர், அந்த நாக்காலி வந்தா பத்திரமா வச்சிருங்க. நான் வந்து வாங்கிக்கிடுதேன்" என்றார் சொரிமுத்து. ஆறாம் நாள், ரத்தத்தில் விஷம் ஏறி, அங்கே இறந்துபோனார்.

இயக்கத்தின் படிவத்தில் இறப்பு என்று ஒரு கட்டம் கிடையாது. 'பின்தொடர இயலவில்லை' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் ஒரு டிக் அடித்தார்கள்.

மாதக் கடைசியில் மறுபடி எண்ணினார்கள். வார்டில் படுக்கைப்புண் எத்தனை? பூஜ்யம். ஒன்றிலிருந்து பூஜ்யம். நூறு சதவீத வீழ்ச்சி. நாட்டிலேயே வேறெங்கும் அவ்வளவு செங்குத்தாகக் கோடு இறங்கியதில்லை. என்ன நடவடிக்கையால் இந்தக் குறைவு என்று கேட்கிற இடத்தில் கணேஷ்ராம் கொஞ்சம் யோசித்தார். புரட்டவே ஆரம்பிக்கவில்லையே. கடைசியில் 'விழிப்புணர்வு' என்று எழுதினார். பொய் என்று சொல்ல முடியாது. ஃபிளெக்ஸ் அங்கேதான் தொங்கிக்கொண்டிருந்தது.

திருநெல்வேலியில் அதே ஏசி அரங்கத்தில் விழா எடுத்தார்கள். சித்ரலேகா மறுபடி டெல்லியிலிருந்து வந்தார்.

"இந்த வார்டில் ஒரு படுக்கைப்புண் இருந்தது. இன்று இல்லை. எப்படிச் சாத்தியமானது? சான்றால் சாத்தியமானது. இந்தச் சகோதரி ஒரு காலத்தில் ஒரு பஸ்ஸை நம்பிக்கொண்டிருந்தார். பஸ் நிற்கலாம், ரிப்பேர் ஆகலாம். இயக்கம் நிற்காது. இனி நாடு முழுவதும் நோயாளிகளை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்ற வேண்டும் என்று நாம் பரிந்துரைக்கிறோம். இது உலகத்துக்கு நம் ஆய்வு தந்திருக்கும் புதிய செய்தி. நேரத்தை நினைவூட்ட தரச்சான்று பெற்ற கருவி ஒன்று எல்லா வார்டுக்கும் வழங்கப்படும். கருவி வரும் வரை யாரும் சொந்தக் கணக்கில் பக்கம் மாற்றிக் குழப்பம் விளைவிக்க வேண்டாம்."

பொன்செல்வியை மேடைக்குக் கூப்பிட்டுக் கேடயம் கொடுத்து, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவள் மைக்கைப் பிடித்தாள்.

"ஒரு ஆளு இருந்தாரு" என்றாள். "இப்பம் இல்ல."

அதற்கு மேல் அவளுக்கு வரவில்லை. இயக்குநரின் பேச்சை அழகாகச் சுருக்கிச் சொன்னதாக நினைத்து அரங்கம் முழுக்கக் கை தட்டியது.

இரண்டு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் இசக்கி வார்டுக்கு வந்தாள். வரச் சொல்லி எழுதியிருந்தார்கள். சொரிமுத்துவின் புண் படத்தைத் தேசியச் சுவரொட்டியில் போடப் போகிறார்கள். அதற்கு நோயாளியின் சம்மதம் வேண்டும். நோயாளியைப் பின்தொடர இயலாததால் மனைவி போட்டால் போதும். அன்றைக்கே கம்ப்யூட்டரில் ஏற்றியாக வேண்டும், கடைசி நாள்.

சான்று மூலையில் ஒரு சக்கர நாற்காலி நின்றது. மனு பலித்து, போன மாதம் வந்திருந்தது. அதன்மேல் படிவக் கட்டுகளை அடுக்கிவைத்திருந்தார்கள். இசக்கி அதைப் பார்த்தாள். பொன்செல்வி காட்டின இடத்தில் மெதுவாக எழுத்துக் கூட்டிப் பெயரை எழுதினாள்.

"இந்தப் படத்தப் பார்த்தா, இனி திருப்பிப் போடுவாவளா சிஸ்டர்?"

"கருவி வரணும்க்கா. டெண்டர் விட்டிருக்காவ."

"இங்கன நீங்க?"

பொன்செல்வி குனிந்துகொண்டாள். அவளுக்கு இப்போது நாளொன்றுக்குப் பதினோரு படிவம். வெட்கமாக இருந்தது, ரொம்ப வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்தால் யாருடைய முதுகுப் புண்ணும் ஆறாது என்று அவளுக்கே தெரியும்.

இசக்கி ஏழாம் நம்பர் கட்டிலுக்குப் போனாள். வாதம் வந்த கிழவர் ஒருவர் மல்லாந்து கிடந்தார். துணைக்கு வருகிறவர்களை மறுபடி உள்ளே விட்டிருந்தார்கள்; மகள் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள்.

"அந்த ஓரத்தப் பிடி தாயி" என்றாள் இசக்கி. "இழுக்காத. பைய. ஆங்."

கிழவரை இடப்பக்கமாகப் புரட்டி, முதுகுக்குத் தலையணை கொடுத்து, முழங்காலுக்கு நடுவில் தன் துண்டை மடித்து வைத்தாள். கிழவரின் முதுகு ஏற்கெனவே சிவக்கத் தொடங்கியிருந்தது. துண்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. "ரெண்டு மணி நேரம் கழிச்சி அந்தப் பக்கம்" என்று மகளிடம் சொல்லிவிட்டுப் போனாள். மகள் பொன்செல்வியைப் பார்த்தாள், செய்யலாமா என்று. பொன்செல்வி செய் என்றும் சொல்லவில்லை, செய்யாதே என்றும் சொல்லவில்லை.

அவள் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்து கையெழுத்துப் போட்ட படிவத்தை ஏற்றினாள். ஓடிபி கேட்டது. கைலாசத்தைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அப்போதுதான் செவ்வாய்க்கிழமை என்று ஞாபகம் வந்தது. ஆனாலும் கடைசி நாள் அல்லவா, அவர் சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

நாலு மணிக்கு மினி பஸ் முக்கில் திரும்பியதை ஜன்னல் வழியே பார்த்தாள். ஹாரன் இல்லை. ஹெப்ரான் வழக்கம்போல் கையை வெளியே நீட்டி ஆட்டினான். இசக்கி அவனுக்குப் பின் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஆஸ்பத்திரியையே பார்த்துக்கொண்டு போனாள்.

ஓடிபி ஏழரை மணிக்குக் கிடைத்தது. "இப்பத்தாம்மா கோயில்லேருந்து வந்தேன். சாப்பிட்டாச்சா?" என்றார் கைலாசம். படிவம் ஏறிவிட்டது. பொன்செல்வி கம்ப்யூட்டரை மூடிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வார்டைக் கடந்தாள். ஏழாம் கட்டிலில் கிழவர் இசக்கி வைத்த அந்தப் பக்கமாகவே படுத்திருந்தார்.